பேனல் ஸ்பீக்கர்: குறையைக் கேட்டு இடத்தை மாற்றுவது எப்படி

பெட்டி இல்லாமல் தட்டைப் பலகையாக நிற்கும் பேனல் ஸ்பீக்கரை வாங்கியவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் குறை அநேகமாக ஒன்றுதான். "கடையில் கேட்டபோது சொக்கிப்போனேன், வீட்டில் தகரம் மாதிரி இருக்கிறது." போய்ப் பார்த்தால் பலகை இரண்டும் காலண்டர் மாட்டியதுபோல் சுவரோடு சுவராக நிற்கும். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். பெட்டி ஸ்பீக்கரில் பழகிய கை அதை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் வைத்தேன்.

பெட்டி ஸ்பீக்கரில் கூம்பின் முதுகுப்பக்கச் சத்தம் பெட்டிக்குள் அடைபட்டுவிடும். பேனலில் பெட்டியே கிடையாது. மெல்லிய மைலார் (பிளாஸ்டிக்) தாள் ஒன்று முன்னும் பின்னும் அசைகிறது. முன்னால் எவ்வளவு சத்தம் வருகிறதோ பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும், ஆனால் தலைகீழாக: தாள் நம் பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. பலகையின் ஓரத்துக்கு நேராகப் பக்கவாட்டில் இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாட்டு ஓடும்போது பலகையின் விளிம்புக்கு நேராகப் போய் நின்று பாருங்கள், பக்கத்து அறையில் பாடுவதுபோல் சத்தம் இறங்கிவிடும். இந்த வகைக்கு டைபோல் என்று பெயர்.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1957-இல் கொண்டுவந்த குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக்கும் சரி, அமெரிக்காவில் ஜிம் வைனி 1969-இல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனத்தின் காந்தப் பலகைகளும் சரி, தாளை அசைக்கும் முறையில்தான் வேறு. ஒன்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம், மற்றொன்றில் தாளில் ஒட்டிய கம்பியும் காந்தமும். பின்னால் போகும் சத்தம் இரண்டுக்கும் பொது. கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல் அந்தப் பின்சத்தம் செய்யும் வேலைதான். அதனால் இரண்டு வகைக்கும் இதே வழி பொருந்தும்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருப்பதைப் பின்சுவர் என்றும், நாம் உட்காரும் சோபாவுக்குப் பின்னால் இருப்பதை முதுகுச்சுவர் என்றும் எழுதுகிறேன். இதில் குழம்பினால் எல்லாமே குழம்பும்.

தொடங்கும் முன்

வேண்டியவை: அளவு டேப், ஒரு சுருள் மாஸ்கிங் டேப், ஒரு பேனா, நூல்கண்டு, பழைய மோனோ கச்சேரிப் பதிவு ஒன்று, உங்களுக்கு மனப்பாடமான ஸ்டீரியோ பதிவு ஒன்று. மைக்கும் அளக்கும் மென்பொருளும் இருந்தால் நல்லது. ரூம் இக்யூ விஸார்டு இலவசமாகவே கிடைக்கிறது. இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

முதலில் ஒயரைப் பாருங்கள். ஆம்பிலும் (ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கரிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். என் வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தவர் வலது பக்கத்தை மாற்றிச் செருகிவிட்டுப் போனார். நான் மூன்று வாரம் பலகையை இங்கும் அங்கும் நகர்த்தி, சோபாவை நகர்த்தி, கடைசியில் வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கிய பிறகுதான் குனிந்து டெர்மினலைப் பார்த்தேன். மோனோ பதிவைப் போட்டுக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. குரல் நடுவில் ஓர் ஆள் நிற்பதுபோல் வந்தால் ஒயர் சரி. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தலைக்குள்ளும் இரு ஓரத்திலும் பரவி, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு பக்கம் மாறியிருக்கிறது. பேனலில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒரு பலகையை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டாலும் இதே குறை வரும், பின்பக்கம் வருவது தலைகீழ்ச் சத்தம் அல்லவா.

அடுத்து, இப்போது பலகை நிற்கும் இடத்தைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துத் தேதி போடுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு டேப். திரும்பிவர வழி இல்லாமல் நகர்த்தினால் நேற்று இருந்தது நன்றாக இருந்ததா இன்று இருப்பதா என்று இரவு முழுக்க உங்களோடு நீங்களே சண்டை போட வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

"பாஸே இல்லை"

முதல் குறை, பெரிய குறை. இதற்குப் பழக்கத்தில் செய்யும் வைத்தியம் ஸ்பீக்கரைச் சுவருக்குப் பக்கத்தில் தள்ளுவது. பெட்டி ஸ்பீக்கருக்கு அது பலிக்கும், மூலையில் தள்ளினால் இன்னும் பலிக்கும். பேனலுக்கு அதுவே விஷம்.

காரணம் எளிது. பின்னால் போன சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி முன்சத்தத்தோடு வந்து சேர்கிறது. பலகை சுவருக்கு மிக அருகில் இருந்தால், நீண்ட அலையான பாஸுக்கு அந்தக் கொஞ்ச தூரம் ஒரு தூரமே இல்லை. தலைகீழாகப் புறப்பட்டது தலைகீழாகவே வந்து சேர்ந்து முன்சத்தத்தைத் தின்றுவிடும். கணக்குப் போட்டால், பின்சுவரிலிருந்து 30 செ.மீ.யில் நிற்கும் பலகையை 1.2 மீட்டருக்குக் கொண்டுவந்தால், 60 ஹெர்ட்ஸில் ஒன்பது பத்து டெசிபல் கூட வேண்டும். சுவர் முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை, அறையின் மற்ற சுவர்களும் தலையிடும். அதனால் வீட்டில் அப்படியே அந்த எண் வராது. ஆனால் திசை மாறாது: பாஸ் வேண்டுமென்றால் சுவரை விட்டு வெளியே வாருங்கள்.

எவ்வளவு வெளியே? ஒரு மீட்டருக்குக் கீழே நான் யாருக்கும் சொல்வதில்லை. ஹாலின் நீளம் 18 அடி என்றால் 4 முதல் 5 அடி நல்ல தொடக்கம். வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரியும். "ஹால் நடுவில் கதவை நட்டு வைத்த மாதிரி இருக்கிறது" என்பது எங்கள் வீட்டில் வந்த விமர்சனம். பலகை எடை குறைவு என்பதால் கேட்கும்போது முன்னே கொண்டுவந்து, முடிந்ததும் பின்னே தள்ளும் சமாதானம் பல வீடுகளில் நடக்கிறது. தரையில் டேப் இருந்தால் அதில் கஷ்டமே இல்லை.

நகர்த்தியும் பாஸ் போதவில்லையா? அப்போது பலகையின் எல்லை அதுதான். அலை பலகையின் அகலத்தைவிடப் பல மடங்கு நீளும்போது முன்சத்தமும் பின்சத்தமும் ஓரத்தைச் சுற்றி வந்து அழிந்துகொண்டேதான் இருக்கும். அரை மீட்டர் அகலப் பலகை 30 ஹெர்ட்ஸைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பாஸுக்கென்றே உள்ள சப்வூஃபருக்கு விடுவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. ஆனால் பலகை சரியான இடத்துக்கு வந்த பிறகுதான் சப்வூஃபர். முதலிலேயே அதை வாங்கினால் சுவரில் ஒட்டிய பலகையின் குறையை மறைக்க அதை ஏற்றி ஏற்றி வைப்பீர்கள், மிருதங்கத் தொப்பி எல்லாம் தவிலாகக் கேட்கும்.

"சில சுரங்கள் மட்டும் அமுங்கிப்போகின்றன"

எனக்கு மிகவும் பிடித்த குறை இது, பாடுபவரின் கட்டையை, அதாவது சுருதியை, வைத்தே கணக்குப் போடலாம் என்பதால்.

பின்சத்தம் சுவருக்குப் போய்த் திரும்பும் தூரம், பலகைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியின் இரட்டிப்பு. அந்தத் தூரம் ஓர் அலையின் முழு நீளத்துக்குச் சமமானால் திரும்பிவருவது முன்சத்தத்தை அழிக்கும். அரை அலைக்குச் சமமானால் சேர்ந்து தூக்கும். சூத்திரம் இவ்வளவுதான்: 172-ஐ மீட்டர் கணக்கில் இடைவெளியால் வகுங்கள். வருவது பள்ளம், அதாவது சத்தம் அமுங்கும் ஹெர்ட்ஸ். அதில் பாதி மேடு, சத்தம் தூக்கும் ஹெர்ட்ஸ். 60 செ.மீ.யில் பள்ளம் 287 ஹெர்ட்ஸ், மேடு 143. 1.2 மீட்டரில் பள்ளம் 143, மேடு 72. 1.5 மீட்டரில் பள்ளம் 115, மேடு 57. பெட்டி ஸ்பீக்கருக்கு இதில் பள்ளமும் மேடும் இடம் மாறும். அங்கே சத்தம் தலைகீழாகப் புறப்படுவதில்லை.

இப்போது ஐந்து கட்டையில் பாடும் ஒரு பாடகியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆதார சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். 172-ஐ 196-ஆல் வகுத்தால் 0.88. அதாவது உங்கள் பலகை சுவரிலிருந்து 88 செ.மீ.யில் நின்றால் அவருடைய ஆதார சட்ஜமே பள்ளத்தில் விழுகிறது. பள்ளம் ஒன்றோடு நிற்பதுமில்லை. 392, 588 என்று மடங்குகளிலும் வரும், அவை அந்தச் சட்ஜத்தின் மேற்சுரங்களேதான். பஞ்சமம் 294 ஹெர்ட்ஸ், அது அடுத்த மேட்டில் உட்காரும். தம்பூராவைக் கேட்டால் பஞ்சமம் மட்டும் துருத்திக்கொண்டு, சட்ஜம் திரைக்குப் பின்னால் போனதுபோல் இருக்கும். பாடகி சுருதியில் நிற்கவில்லையோ என்றுகூடச் சந்தேகம் வரும். பாவம், அவர் ஒழுங்காகத்தான் பாடுகிறார்.

சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் பலகையே பின்சத்தத்துக்குக் குறுக்கே நிற்பதாலும், சுவரில் இருக்கும் அலமாரியும் ஜன்னலும் அலையைக் கலைப்பதாலும் இந்தப் பள்ளங்கள் ஆழம் குறைந்துவிடும். ஆகவே முக்கியமானது முதல் பள்ளம், கொஞ்சம் இரண்டாவதும். ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலுக்கு ஆதார சட்ஜம் 131 ஹெர்ட்ஸ், அதற்கு ஆபத்தான இடைவெளி 1.31 மீட்டர். யாரைக் கேட்டாலும் ஏதோ ஒரு தூரம் யாருக்கோ சட்ஜமாகத்தான் இருக்கும். நீங்கள் அதிகம் கேட்பவர்களுடைய கட்டையைத் தவிர்த்து நிறுத்துங்கள்.

சோதிக்கும் முறை: தம்பூரா மட்டும் ஒலிக்கும் பதிவை ஓடவிட்டு, இன்னொருவரைப் பலகைகளை ஐந்து ஐந்து செ.மீ.யாக வெளியே இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் இருங்கள். மந்தரமும் சாரணையும் பஞ்சமமும் சமமாக உருளும் ஓர் இடம் வரும். அங்கே டேப்.

இரண்டு பலகைக்கும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. அறை கோணல்மாணலாக இருந்தால் சுவரிலிருந்து தூரம் முக்கியமல்ல, உங்கள் காதிலிருந்து தூரம் சமமாக இருப்பதே முக்கியம்.

கோணத்தாலும் சின்ன உதவி உண்டு. பலகையைக் கேட்பவர் பக்கம் திருப்பினால் அதன் உள்விளிம்பு சுவருக்குக் கிட்டவும் வெளிவிளிம்பு எட்டவும் போகும். ஒரே தூரம் என்பது பல தூரமாகி, பள்ளம் அகன்று ஆழம் குறையும்.

"ஒரே ஒரு பாஸ் நோட்டு மட்டும் குமுறுகிறது"

இதற்கு ஸ்பீக்கரைத் தொட வேண்டாம். நாற்காலியை நகர்த்துங்கள்.

நம் ஊர் வீடுகளில் சோபா முதுகுச்சுவரில் ஒட்டித்தான் இருக்கும். அறையின் நீளவாட்டில் சுவருக்குச் சுவர் எதிரொலித்து நிற்கும் அலைகள் அத்தனையும் சுவரோரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நீங்கள் போய் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அமெரிக்க வீடுகளில் மெல்லிய பலகை அடித்த சுவர் கொஞ்சம் பாஸை வெளியே கசியவிடும். நம்முடைய செங்கலும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அடிக்கும். எனவே அங்கே எழுதிய ஆலோசனையை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஹாலில் குமுறல் கூடுதலாகவே இருக்கும்.

5.5 மீட்டர் நீள ஹாலில் முதல் அலை 31 ஹெர்ட்ஸ், இரண்டாவது 63. பெரும்பாலும் குமுறுவது அந்த இரண்டாவதுதான், முதலாவதற்குப் பலகையே எட்டாது. இரண்டாவது அலை முதுகுச்சுவரிலிருந்து நீளத்தில் கால்பங்கு தூரத்தில் செத்திருக்கும். இந்த ஹாலில் அது 1.37 மீட்டர். சோபாவை அங்கே கொண்டுவந்து, அங்கிருந்து முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். அறையின் சரிநடுவில் மட்டும் உட்கார வேண்டாம், அங்கே இரண்டாவது அலை மறுபடி உச்சம்.

பேனலுக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. பக்கவாட்டிலும் மேலும் கீழும் அது தள்ளுவது குறைவு என்பதால் அகலவாட்டு, உயரவாட்டு அலைகள் அவ்வளவாகக் கிளம்புவதில்லை. நீளவாட்டை அடக்கினால் போதும்.

"பாடகர் நடுவில் நிற்கவில்லை"

ஒயர் சரியென்று முன்பே பார்த்துவிட்டோம். இப்போது நூல்கண்டை எடுங்கள். நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் நூலின் ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இடது பலகையின் உள்விளிம்புக்கு இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலை வலது பலகைக்கு. முடிச்சு விளிம்பில் விழ வேண்டும். ஒரு செ.மீ. வித்தியாசம் 29 மைக்ரோவினாடி. அமைதியான இடத்தில் காது பத்து மைக்ரோவினாடி வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடும். கண்ணால் பார்த்து "ஏறக்குறைய சரி" என்பது இங்கே செல்லாது.

நூல் சரியாக இருந்தும் குரல் ஒரு பக்கம் சாய்கிறதென்றால், இரண்டு பலகைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் பலகையிலோ ஃபியூஸிலோ கோளாறு. மாறாமல் அதே பக்கம் நின்றால் அறையிலோ ஆம்பிலோ. ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் சமையலறை வாசலும் இருக்கும் ஹாலில் பெட்டி ஸ்பீக்கர் படாத பாடு படும். பேனல் பக்கவாட்டில் சத்தமே விடாததால் ஓரளவு தப்பிக்கும். பக்கச்சுவருக்கு 40 செ.மீ. வரை கிட்டப் போனாலும் பெரிய சேதம் இல்லை.

"வீணை மூன்று ஆள் அகலம்"

பேனல் கேட்பவர்கள் இதைக் குறையாகச் சொல்ல வெட்கப்படுவார்கள், பிரம்மாண்டம் என்று சமாளிப்பார்கள். தனியாக ஒருவர் வாசிக்கும் வீணை சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீண்டால் அது குறைதான்.

பல காந்தப் பலகைகளில் மேல்சுரம் தரும் ட்வீட்டர் ஒரு செங்குத்துப் பட்டையாக ஓர் ஓரத்தில் இருக்கும். இடது வலது கண்ணாடிப் பிம்பம் மாதிரி. இரண்டையும் இடம் மாற்றினால் ட்வீட்டர் உள்பக்கம் வந்ததெல்லாம் வெளிப்பக்கம் போகும். வெளிப்பக்கம் இருந்தால் மேடை விரியும், உருவங்கள் கலையும். உள்பக்கம் இருந்தால் மேடை சுருங்கி உருவங்கள் திரளும். வீணை விரிந்தால் உள்பக்கம். பலகைகளுக்கு நடுவே இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் இடம் என்றால் வெளிப்பக்கம்.

உள்பக்கம் வைத்துவிட்டுப் பலகையைத் திருப்பாமல் நேராக விட்டால் ட்வீட்டர் உங்களுக்குக் கிட்டவும் பாஸ் பகுதி எட்டவும் இருக்கும். மேல்சுரங்கள் ஒரு கணம் முந்தி வந்து, கஞ்சிராவின் சலங்கை தோலைவிட்டுப் பிரிந்து கேட்கும். உங்களை நோக்கித் திருப்பத் திருப்ப உள்விளிம்பு பின்னால் போய் இரண்டும் சமமாகும். நூலை வைத்தே இதையும் அளக்கலாம். ஒரே பலகையின் இரண்டு விளிம்புக்கும் தூரம் பார்த்து, ட்வீட்டர் பக்கம் சமமாகவோ ஓரிரு செ.மீ. அதிகமாகவோ இருக்கும்படி திருப்புங்கள்.

"காதைக் குத்துகிறது"

ட்வீட்டர் நேராகக் காதைப் பார்க்கிறதா என்று பாருங்கள். பார்த்தால் பலகையைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள், மேல்சுரம் இறங்கும். மேக்னபேன் போன்றவற்றில் ட்வீட்டர் இணைப்பில் சின்ன மின்தடை செருகிச் சத்தத்தைக் குறைக்க வசதி உண்டு. அது கடைசி வழி. அதற்கு முன் தரையைப் பாருங்கள். வழுவழு டைல்ஸ், எதிரே கண்ணாடி டீபாய், பின்னால் திரை இல்லாத ஜன்னல் என்றால் எந்த ஸ்பீக்கரும் குத்தும். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு தடிமனான ஜமுக்காளம் போட்டு டீபாயை அப்புறப்படுத்திவிட்டுக் கேளுங்கள். பாதி வீடுகளில் விஷயம் அத்துடன் முடிந்துவிடுகிறது.

சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் குத்துகிறதா? அது இடக்கோளாறு அல்ல, ஆம்ப் திணறுகிறது. காந்தப் பலகைகள் 4 ஓம், சத்தத்திறனும் குறைவு. எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் மின்மறுப்பு மேல்சுரத்தில் ஓரிரு ஓம் வரை இறங்கும். ஹோம் தியேட்டர் ரிசீவரில் மாட்டியிருந்தால் சூடாகி அணைந்துபோவதும் உண்டு. பலகையை எங்கே நகர்த்தினாலும் அது மாறாது.

"தலையைக் கொஞ்சம் அசைத்தால் சுரமே மாறுகிறது"

தட்டையான பெரிய எலக்ட்ரோஸ்டாட்டிக் பலகையின் பிறவிக்குணம் இது. அகலமான பரப்பிலிருந்து கிளம்பும் குட்டி அலைகள் டார்ச் வெளிச்சம்போல் நேர்கோட்டில்தான் போகும். இதைச் சமாளிக்கத்தான் 1981-இல் வந்த குவாட் இஎஸ்எல்-63-இல் தாளுக்கு எதிரே உள்ள மின்தகட்டை வட்டம் வட்டமாகப் பிரித்து, நடுவிலிருந்து வெளியே தாமதமாகச் சத்தம் விடும் ஏற்பாடு செய்தார்கள். மார்ட்டின் லோகன் பலகையையே வில்போல் வளைத்தது. உங்களுடையது பழைய தட்டை வகை என்றால் இரண்டு பலகைகளின் பார்வையும் உங்கள் தலைக்கு அரையடி முன்னால் வெட்டிக்கொள்ளும்படி திருப்புங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கிட்டப் போன பலகையின் நேர்க்கோட்டை விட்டு விலகுவீர்கள், அதன் மேல்சுரம் தானாகக் குறையும். முழுக்கச் சரியாகாது. சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்கும் வீட்டுக்கு அந்த ஸ்பீக்கர் சரிவராது, அவ்வளவுதான்.

"எழுந்து நின்றால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் ஒரு மாதிரி"

ஆளுயரப் பலகையில் இது குறைவு. குட்டையானவற்றில் சாய்வுதான் காரணம். 1957-இன் குவாட் தரையோடு உட்கார்ந்து பின்னால் சாய்ந்திருக்கும், ஸ்டாண்டில் ஏற்றி நிமிர்த்தினால் ஆளே மாறிவிடும். மற்றவற்றில் பின்காலுக்கு அடியில் மரத்துண்டு கொடுத்து நிமிர்த்திப் பாருங்கள். இரண்டு பலகையின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும், கொத்தனாரின் ரசமட்டம் போதும். பலகை ஆடாமல் நிற்கிறதா என்பதையும் அப்போதே கவனித்துவிடுங்கள். விரலால் தொட்டதும் தள்ளாடினால் பாஸ் சக்தியில் கொஞ்சம் ஆட்டத்திலேயே போய்விடும்.

"ஆழமே இல்லை, எல்லாம் ஒரே குழம்பு"

பின்சத்தம் சீக்கிரம் திரும்பிவந்தால் காது அதை முன்சத்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்து வந்தால் அதை வேறாகக் கொண்டு, மேடைக்குப் பின்னால் இடம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் இடைவெளி தரும் தாமதம் 5.8 மில்லிவினாடி. அதற்குக் குறைந்தால் ஆழம் போய்விடுகிறது என்பது என் அனுபவம். பேனலின் அழகே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. வயலின் பக்கவாத்தியம் பாடகருக்கு ஓரடி பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, பின்சுவர் முழுக்கக் கனமான திரைச்சீலை போடுவது. திரை மேல்சுரத்தை மட்டும் தின்னும், நடுச்சுரமும் பாஸும் அப்படியே திரும்பும். ஆழம் வராது, மந்தம்தான் வரும். உறிஞ்சுவதைவிடச் சிதறடிப்பது பேனலுக்கு நல்லது. 1970-களில் மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் வெவ்வேறு ஆழமுள்ள பள்ளங்களை வரிசைப்படுத்திச் சத்தத்தைச் சிதறடிக்கும் பலகைக்குக் கணக்கு வகுத்தார். அதைத் தச்சரிடம் சொல்லிச் செய்யலாம். செய்ய மனமில்லையென்றால் ஒரு புத்தக அலமாரியை வைத்து, புத்தகங்களை முன்னும் பின்னுமாக ஒழுங்கில்லாமல் அடுக்குங்கள். என் வீட்டில் இப்போது அதுதான். சுத்தம் செய்ய வருபவர் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் வரிசையாக்கிவிட்டுப் போகிறார், நான் ஒவ்வொரு முறையும் கலைக்கிறேன்.

இடத்தை மாற்றித் தீராதவை

குறிப்பிட்ட சுரத்தில் "ஜ்ர்ர்" என்ற அதிர்வு வந்தால் முதலில் அறையில் தேடுங்கள். ஜன்னல் கொக்கி, ஷோகேஸ் கண்ணாடி, சுவரில் மாட்டிய படம். பலகையிலிருந்துதான் என்று உறுதியானால், பழைய காந்தப் பலகையில் தாளைவிட்டுக் கம்பி பிரிந்திருக்கலாம். பசை வயதாகிவிட்டது. தெரிந்தவரிடம் கொடுத்து ஒட்ட வேண்டும்.

எலக்ட்ரோஸ்டாட்டிக் பலகை மழைக்காலத்தில் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்து, ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால், ஈரமும் தூசியும் சேர்ந்து மின்னேற்றத்தைக் கசியவிடுகின்றன. கடலோர ஊர்களில் இது வருடா வருடம் வரும் விருந்தாளி. ஏசியை ஈரம் உறிஞ்சும் முறையில் சில மணிநேரம் ஓடவிட்டு, பிறகு கேளுங்கள். டிக் டிக்கென்று சத்தமும் ஒருவிதக் காரமான வாடையும் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். உள்ளே பொறி பறக்கிறது. நீங்களாகத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே வோல்ட் தங்கியிருக்கும்.

எல்லாம் முடிந்து இடம் பிடிபட்டதும் மாஸ்கிங் டேப்பைப் பிய்த்துவிட்டு, பலகைக் காலின் நான்கு மூலையிலும் பெயின்ட்டோ நகப்பூச்சோ வைத்துச் சின்னப் புள்ளி குத்திவிடுங்கள். டேப் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைக்கும்போது ஓரம் சுருண்டு, பொங்கலுக்குள் காணாமல் போய்விடும்.